புத்தம் புது ஆபராவை நடத்துவது எப்படி?

[திரையில்: பென்சில் குறிகள் நிறைந்த ஒரு ஸ்கோர் பக்கம்]

ஆபரா என்றால் ஆர்கெஸ்ட்ராவோடு பாடி நடிக்கும் இசை நாடகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் வெர்டியின் ஆபராவை நடத்த வருபவருக்கு எத்தனையோ ஒலிப்பதிவுகள் துணைக்கு உண்டு. வாத்தியம் வாசிப்பவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே பழகிய இசை. போன மாதம் எழுதி முடித்த ஆபராவுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவையும் பாடகர்களையும் கையசைத்து நடத்தும் கண்டக்டர் கையில் இருப்பது, எல்லோருடைய இசையும் எழுதிய ஸ்கோரும் பென்சிலும்தான்.

முதல் வேலை தாளம். 7/8, 5/16, 3/4 என்று பாருக்குப் பார் (தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பார் என்று பெயர்) மாறிக்கொண்டே போகும். 7/8, அதாவது ஏழு சிறு அடி, என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அது ‘தகிட தக திமி’யா, ‘தக திமி தகிட’வா? பாடும் வரியைப் பார்த்து முடிவு செய்து, 3+2+2 அல்லது 2+2+3 என்று மேலே பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கை ஒன்றைக் காட்டும், டிரம்பெட் வேறொன்றை எண்ணும்.

அடுத்தது காலப்பிரமாணக் கணக்கு. நிமிடத்துக்கு 80 அடி. ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிந்தால் 240. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் புதிய வேகம் 120. மாறுகிற இடத்தில் போய்க் குத்துமதிப்பாகப் பிடிக்கக் கூடாது. ஒரு பார் முன்பே அந்த மூன்றை மனதுக்குள் ஓடவிட வேண்டும்.

[திரையில்: பியானோ ஒத்திகை]

பாடகர்கள் வாரக்கணக்கில் பியானோவோடுதான் பழகுகிறார்கள். பியானோவில் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று கேட்கும். ஆர்கெஸ்ட்ராவோடு முதல்முறை உட்கார்ந்து பாடும் ‘சிட்ஸ்புரோப’ நாளில், அதே சுரம் வயலின்களின் ஹார்மானிக்ஸில், அதாவது தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய ஒலியில், ஒளிந்திருக்கும். சுருதி கிடைக்காமல் பாடகர் தவித்துப்போவார். அதனால் ஒவ்வொரு நுழைவுக்கும் ‘இங்கே ஆல்டோ ஃப்ளூட்டை (தாழ்ந்த சுருதிப் புல்லாங்குழலை) கேள்’ என்று முன்கூட்டியே குறித்துக் கொடுப்பது நல்ல கண்டக்டரின் பழக்கம். மொத்த வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

மேடைக்குப் பின்னால் கோரஸ் (சேர்ந்து பாடும் குழு) இருந்தால் வேறொரு தொல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் தள்ளி நின்று பாடினால் கிட்டத்தட்ட 58 மில்லி நொடி தாமதம். வேகமான பகுதியில் இது அப்பட்டமாகத் தெரியும். எனவே கோரஸ் காதை நம்பாமல், மானிட்டரில் தெரியும் கையைப் பார்த்து, ஒரு நூல் முந்திப் பாட வேண்டும். அந்த மானிட்டரே தாமதமாகக் காட்டினால் எல்லாம் போச்சு.

பதிவு செய்த எலக்ட்ரானிக் ஒலிகள் சேர்ந்தால், கண்டக்டரின் காதில் அடியை எண்ணிக் காட்டும் ‘கிளிக் டிராக்’ வரும். அது யாருக்காகவும் நிற்காது. பாடகர் மூச்செடுக்கக் கூடுதலாக அரை நொடி கேட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒலித்துண்டுகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, கண்டக்டரின் கையைப் பார்த்து ஒருவர் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவது மேல்.

[திரையில்: சுசானா மால்க்கி]

இதையெல்லாம் எங்கே கற்பது? வழக்கமான பாதை, ஆபரா அரங்கில் பியானோ பயிற்சியாளராகச் சேர்ந்து மேலேறுவது. பின்லாந்தைச் சேர்ந்த கண்டக்டர் சுசானா மால்க்கி வந்த வழி வேறு. ஸ்வீடனின் யோதெபோரி (கோதன்பர்க்) சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதன்மை செல்லோ வாசித்தவர். 2006 முதல் 2013 வரை பாரிஸின் நவீன இசைக் குழுவான ஆன்சாம்பிள் அன்தெர்கோந்தெம்போரனுக்கு இசை இயக்குநர். 31 தனிவாத்தியக்காரர்கள் கொண்ட குழு அது. ஆளுக்கு ஒரு வரி என்பதால் தவறு யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். காதுக்கு இதைவிடக் கறாரான பள்ளிக்கூடம் இல்லை.

அவர் நடத்திய புது ஆபராக்கள் சில: 2011-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில், இரண்டே பாடகர்கள் கொண்ட, இசையமைப்பாளர் பிரான்செஸ்கோனியின் ‘குவார்டெட்’. 2016-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில், பின்லாந்து இசையமைப்பாளர் சாரியாஹோவின் ‘லாமூர் த ல்வான்’. 2021-இல் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் அதே சாரியாஹோவின் ‘இன்னசென்ஸ்’, முதல் அரங்கேற்றம். இந்தக் கடைசி ஆபராவில் பாத்திரங்கள் 13, மொழிகள் 9; சிலர் பாடுவதே இல்லை, பேசுகிறார்கள்.

இத்தனை மொழிகள் வந்தால் கையும் அதற்கேற்ப மாற வேண்டும். ஃபின்னிஷில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். பிரெஞ்சில் தொடரின் கடைசிக்குப் போகும். மெய்யெழுத்து அடிக்குச் சற்று முன்பே வாயை விட்டுக் கிளம்பினால்தான் உயிரெழுத்து அடியில் வந்து உட்காரும். ஒரே கையசைவுதான், ஆனால் எந்த மொழிக்காரர் அடுத்து நுழைகிறார் என்பதைப் பொறுத்து, மூச்சுக்கான சைகை கொஞ்சம் முன்னே பின்னே நகரும்.