அந்த மூன்று நட்சத்திரம் யார் வீட்டுக் கதை?

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு நட்சத்திரக் கதையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். விளக்கு வெளிச்சம் நட்சத்திரங்களை மறைப்பதை ஒளிமாசு என்பார்கள்; 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் நமக்குத்தான் முதலிடம். ஆனாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை, மேகமில்லாத இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம் அல்லவா, அவை கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்துபோகும்.

கிரேக்கர்களுக்கு அது ஓரையன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புவார். வட ஆஸ்திரேலியாவின் யொல்ங்கு மக்களுக்கு அது ஒரு தோணி. மீன்பிடிக்கப் போன சகோதரர்கள் மூவருக்கு, அவர்கள் குலம் தின்னக்கூடாத மீனே திரும்பத் திரும்பச் சிக்கியது. பசி தாங்காமல் ஒருவன் தின்றுவிட்டான். சூரியனாகிய பெண்ணுக்குக் கோபம் வந்து, தோணியோடு மூவரையும் வானத்துக்குத் தூக்கிவிட்டாள்.

சீனர்களின் கதையில் ஓயாமல் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியை மன்னர் ஆளுக்கொரு திசைக்கு அனுப்பிவிடுகிறார். ஒருவனுக்கு இந்த மூன்று நட்சத்திரம். மற்றவனுக்கு விருச்சிகத்தின் சிவப்பு நட்சத்திரம், நம்முடைய கேட்டை. ஒன்று உதிக்கும்போது மற்றது மறைந்துவிடும். கிரேக்கர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள்: அவர்கள் கதையில் ஓரையனைக் கொன்றதே அந்த விருச்சிகத் தேள்தான்.

எல்லாம் ஒரே கதைதான் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோணிக் கதைக்குள் ஒரு குலச்சட்டம் இருக்கிறது. ‘பழங்குடிக் கதை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் சட்டமும் போச்சு, யொல்ங்கு என்ற பெயரும் போச்சு. 2017இல் சர்வதேச வானியல் ஒன்றியம், தென்வானத்தில் சிலுவை வடிவில் தெரியும் தென்சிலுவையின் ஐந்தாவது நட்சத்திரத்துக்கு ‘கினான்’ என்ற பெயரை ஏற்றது. ஆஸ்திரேலியாவின் வார்டமான் மக்கள் வைத்த பெயர் அது. ஞானப் பாடல்கள் நிறைந்த சிவப்புப் பையாம். அதே தென்சிலுவையை மலாய்க்காரர்கள் திருக்கை மீனாகப் பார்த்தார்கள். கடலோடிகள் ஆயிற்றே!

நம் பங்குக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். கிரேக்கர்களும் ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரும் அதை ஏழு சகோதரிகள் என்பார்கள். ஆறுதானே தெரிகிறது என்றால், ஒருத்தி ஒளிந்துகொண்டாள் என்று சமாதானம் சொல்வார்கள். நாம் அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. ஆறுமுகனை வளர்த்தவர்கள் ஆறு பேர், சரி.

அந்த மூன்று நட்சத்திரத்திலிருந்து கோடு பிடித்து வடமேற்கே போனால் முதலில் ரோகிணி வரும், அப்புறம் கார்த்திகை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டு மலாய், சீனப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்கள் வீட்டுக் கதையை அவர்களே சொல்லட்டும்.