காமா கோடுகள்ல தெரியுற அணுக்கருவோட உருவம்

வணக்கம் மக்களே. ஸ்கிரீன்ல இருக்கிறது ஹாஃப்னியம்-178 அணுக்கருவோட காமா ஸ்பெக்ட்ரம், அதாவது கரு படிப்படியா ஆற்றலை இழந்து இறங்குறப்ப விடுற காமா கதிர்களோட ஆற்றல் வரைபடம். முக்கியமான கோடுகளை மட்டும் எடுத்து வரைஞ்சு வச்சிருக்கேன்.

213, 326, 426 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலோட அலகு) மூணும் தனித்தனியா நிக்குது. இடது ஓரத்தைப் பாருங்க: 89, பக்கத்துலயே 93. சோடியம் அயோடைடு டிடெக்டர்ல இது ரெண்டும் ஒரே மேடாயிடும். திரவ நைட்ரஜன்ல குளிரவச்ச ஜெர்மானியம்தான் பிரிச்சுக் காட்டும். 93 ஏன் இவ்வளவு குட்டை? கரு அந்தப் படியை இறங்கத்தான் செய்யுது. ஆனா பெரும்பாலும் காமாவை விடாம, அணுவோட எலக்ட்ரான் ஒண்ணை வெளிய தள்ளிடுது.

இப்ப கூட்டுங்க. ஆற்றல் மிகக் குறைஞ்ச கீழ்நிலைக்கு மேல, கரு சுழல்றப்ப வர்ற முதல் படியோட உயரம் 93.2. அதோட அடுத்த படி 213.4 சேர்ந்தா, ரெண்டாவது நிலையோட உயரம் 306.6. அதை 93.2ஆல வகுத்தா 3.29. நீள்வட்டமா இருக்கிற கரு விறைப்பா சுழன்றா இந்த விகிதம் 3.33 வரணும். உருண்டைக் கருவுக்கு இந்த மாதிரி சுழற்சியே கிடையாது. யாரும் கண்ணால பார்க்க முடியாத ஒரு பொருளோட உருவம் ஒரு வகுத்தல்ல வந்துடுது! எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அஞ்சு கோட்டையும் கூட்டினா கிட்டத்தட்ட 1147 கேஇவி. அங்கதான் ஐசோமர், அதாவது ஆற்றலை உடனே விடாம தாங்கி நிக்கிற நிலை, உட்கார்ந்திருக்கு, அரை ஆயுள் 4 விநாடி. அதுல இருந்து முதல்ல இறங்குற 89 கேஇவி காமா சாதாரணமா விநாடியில லட்சம் கோடியில ஒரு பங்குக்குள்ள வெளிய வந்துடணும். இங்க ஏன் இவ்வளவு தாமதம்? கோண உந்தத்துல கருவோட நீள அச்சுல விழுற பங்கைத்தான் கே எண்ணுன்னு சொல்றோம். ஐசோமர்ல அது 8, கீழ இருக்கிற சுழற்சிப் படிகள்ல 0. இந்த காமா ஒரு அலகு கோண உந்தத்தைத்தான் எடுத்துட்டுப் போக முடியும். கே எண் கொஞ்சம் கலந்திருக்கிறதாலதான் கரு இறங்கவே முடியுது.

இதுக்கும் மேல, 2446 கேஇவில கே எண் 16 உள்ள இன்னொரு ஐசோமர் இருக்கு. அதோட அரை ஆயுள் 31 வருஷம். எக்ஸ் கதிரை அடிச்சு அந்த ஆற்றலை உடனே விடுவிக்கலாம்னு 1999ல ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்காவோட ஆர்கான் தேசிய ஆய்வகத்துல இன்னும் பலமான எக்ஸ் கதிரை வச்சுப் பார்த்தப்ப அந்த விளைவு தென்படல. இதை ஆயுதமாக்கலாம்ங்கிற பேச்சை விட்டுடுவோம், இயற்பியலே போதுமான அளவு அழகா இருக்கு.

நொபெலியம்-254 மாதிரி மிகக் கனமான கருவுல வேலை இன்னும் கஷ்டம். அந்தக் கருவை உருவாக்குற வினை நடக்கிற இடத்துல காமா கூட்டம் நெரியும். அதனால வேணும்கிற கருவை மட்டும் தனியாக்குற பிரிப்பான் வழியா அனுப்பி, சிலிக்கான்ல புதைச்சு, காத்திருக்காங்க. ஐசோமர் சுமார் கால் விநாடி அரை ஆயுள் உள்ளது. அது இறங்குறப்ப வர்ற எலக்ட்ரான்கள் அதே சிலிக்கான்ல பதியும். அந்த நொடியில பக்கத்து ஜெர்மானியத்துல விழுற காமாவை நம்பி எடுத்துக்கலாம்.

2001ல ஜெர்மனி ஜிஎஸ்ஐ ஆய்வகம் அறிவிச்ச டார்ம்ஸ்டாட்டியம்-270ல இதைவிட ஒரு ஆச்சரியம். கீழ்நிலை நிக்கிறது சுமார் 0.1 மில்லிவிநாடி. ஐசோமரோ சுமார் 6 மில்லிவிநாடி. ஆற்றல் அதிகமா உள்ள நிலைதான் அங்க அதிக நேரம் தாங்குது.