பதினாறு வெடிகள்

அவையோருக்கு வணக்கம்.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் '1812' ஓவர்ச்சர், 1812-இல் ரஷ்யா நெப்போலியனை விரட்டியதைக் கொண்டாடும் இசைக்குழுப் படைப்பு. அதன் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் பீரங்கிதான் ஞாபகம் வரும். அங்கிருந்தே தொடங்குவோம். இசைப் பிரதியில் மொத்தம் 16 வெடிகள். பிரெஞ்சுப் படையைக் குறிக்கும் பிரெஞ்சு தேசிய கீதமான 'மார்செய்யேஸ்' உச்சத்தில் 5, கடைசி வெற்றி முழக்கத்தில் 11. ஒவ்வொரு வெடிக்கும் தாளத்தில் இடம் குறித்திருக்கிறார். சிக்கலே அதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பீரங்கி 100 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் 0.3 நொடி பிந்திவிடும்; இசை அதற்குள் அடுத்த தட்டுக்குப் போயிருக்கும். திரியைக் கொளுத்தினால் எப்போது வெடிக்கும் என்றே சொல்ல முடியாது. அதனால் மின்சாரத்தில் வெடிக்கவைக்கிறார்கள், அதுவும் சற்று முந்தி. அரங்குக்குள் பெரும்பாலும் பெரிய டிரம்தான். 1979-இல் டெலார்க் நிறுவனம் நிஜப் பீரங்கியோடு போட்ட இசைத்தட்டில், வெடி வரும் இடத்தில் வரிப்பள்ளம் அப்படி வளைந்து ஓடியது. பலர் வீட்டில் ஊசியே துள்ளி வெளியே விழுந்தது.

எழுதியவருக்கு இதன்மேல் பிரியம் இல்லை. 1880-இல் மாஸ்கோ பொருட்காட்சிக்காகக் கேட்டார்கள், சில வாரங்களில் முடித்துக் கொடுத்தார். மிகவும் இரைச்சலாக இருக்கும், அன்பில்லாமல் எழுதினேன் என்று தன் புரவலர் நதேழ்தா ஃபான் மெக்குக்குக் கடிதமும் போட்டார். விமர்சகர்கள் இன்றுவரை அந்தக் கடிதத்தைத்தான் நீட்டுகிறார்கள். 1882-இல் அரங்கேறிய பிறகு, பல ஊர்களில் அவரே நின்று இதை நடத்தினார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

வரலாறு பார்த்தால் ஓட்டைதான். நெப்போலியன் 'மார்செய்யேஸை' ஓரங்கட்டி வைத்திருந்த காலம் 1812. முடிவில் ஒலிக்கும், ரஷ்யப் பேரரசரான ஜாரை வாழ்த்தும் 'ஜாரைக் காப்பாய்' கீதம் பிறந்ததோ 1833-இல். அந்தக் கீதமே பிறகு வினையானது. சோவியத் ஆட்சியில் ஜாருக்கு எப்படி வாழ்த்துப் பாடுவது? இசையமைப்பாளர் ஷெபாலின் அதை வெட்டியெடுத்து, இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான கிளிங்காவின் ஓபராவிலிருந்து (இசை நாடகத்திலிருந்து) 'ஸ்லாவ்ஸ்யா' மெட்டை ஒட்டினார். ஆனால் அந்த ஓபராவின் பழைய பெயரே 'ஜாருக்காக ஓர் உயிர்'!

அமெரிக்காவில் கதை வேறு. 1974 ஜூலை 4 அன்று இசைக்குழு நடத்துநர் ஆர்தர் ஃபீட்லர் பாஸ்டனில் பீரங்கி, மணி, வாணவேடிக்கையோடு வாசித்தார். அதிலிருந்து இது அவர்களின் சுதந்திர தின இசை. நெப்போலியனை ரஷ்யா விரட்டிய கதைக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் போர் தொடுத்ததும், மார்ச்சில் வேல்ஸின் கார்டிஃப் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இதை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்த 16 வெடிகளில் ஒன்றுகூட மாறவில்லை.

இப்போது தொடக்கத்தைக் கேட்போம். வயலின் குடும்பத்துத் தந்திக் கருவிகளான இரண்டு வயோலா, நான்கு செல்லோ, வேறு எதுவும் இல்லை. 'ஆண்டவரே, உம் மக்களைக் காத்தருளும்' என்ற தேவாலயப் பாட்டு. என் கணக்கில் இந்தப் படைப்பின் மிகச் சிறந்த பக்கம் இதுதான். மெதுவாகத்தான் கேட்கும். அதற்காக ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், பின்னால் பீரங்கி நிற்கிறது.