பாலைவனத்தில் மழைக்காலம்: பனிப்புள்ளியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் நமக்குக் காற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கோ அப்போதுதான் மழை. சொனோரா பாலைவனத்தில் உள்ள ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம் என்று அங்குள்ள வானிலைத் துறை வரையறுத்திருக்கிறது. மகன், மகளைப் பார்க்க நம்மூர்ப் பெற்றோர் பலர் அங்கே போய் இறங்குவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். அதனால் இன்றைய பேச்சு அவர்களுக்கும் சேர்த்து.

2008-க்கு முன்பு மழைக்காலத்துக்குத் தேதி கிடையாது. ஃபீனிக்ஸில் பனிப்புள்ளியின் சராசரி தொடர்ந்து மூன்று நாள் 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் நின்றால் மழைக்காலம் தொடங்கிவிட்டது என்பார்கள். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர வைத்தால் அதிலுள்ள ஈரம் துளியாகப் படியுமோ, அதுதான் பனிப்புள்ளி. தேதி நினைவில் வைக்க எளிது, உண்மைதான். ஆனால் அந்த ஊரில் இருப்பவர் தினமும் பார்க்க வேண்டிய எண் இன்றைக்கும் பனிப்புள்ளியே. ஜூன் மாத வெயிலைத் தாங்கிய வீடும் உடம்பும் ஜூலையில் தடுமாறுவது ஏன் என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

ஏர் கூலரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் கூலர் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் குறை தெரியும். ஃபீனிக்ஸில் ஜூன் மாதப் பிற்பகலில் வெப்பம் 42 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால், நீர் ஆவியாவதால் காற்று அதிகபட்சம் 20 டிகிரி வரை குளிர முடியும். நீரில் நனையும் பட்டை நன்றாக இருக்கும் கூலர் அந்த இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கைக் கடக்கும். வீட்டுக்குள் 24, 25 டிகிரி காற்று வரும். ஜூலையில் வெப்பம் 38-க்கு இறங்கி, ஈரப்பதம் 40-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லை 27 டிகிரி. அதே கூலர் 29 டிகிரிக் காற்றைத்தான் தரும், அதுவும் பிசுபிசுப்பாக. வெயில் குறைந்தும் வீடு சூடாகிறதே என்று கூலரைப் பழுது பார்க்கச் சொல்வார்கள். பழுது கூலரில் இல்லை.

பனிப்புள்ளி 13-ஐத் தாண்டினால் கூலரை நிறுத்திவிட்டு, ஜன்னல்களை அடைத்து, ஏசியைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால், கூலர் உள்ளே தள்ளும் ஈரத்தை வெளியேற்றவே ஏசியின் சக்தி போய்விடும். கூலர் ஓடும் நாட்களில், எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ஜூனிலும் குளிராது. அந்த ஊர்த் தண்ணீர் கடினநீர். தொட்டி நீரைச் சிறிது சிறிதாக வடித்துப் புதுநீர் விடாவிட்டால் பட்டையில் உப்பு இறுகிவிடும்.

உடம்புக்கும் இதே கணக்கு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். வெளியில் வேலை செய்பவர் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ காத்திருக்காதீர்கள். அங்குள்ள அவசர உதவி எண் 911-ஐ அழைத்துவிட்டு, தண்ணீரும் ஐஸும் கொண்டு உடம்பைக் குளிர வையுங்கள். 2023-இல் ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புடைய சாவுகள் 645. அந்த ஆண்டு தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை. ஓர் இரவு 36 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. மழையும் பொய்த்தது, மழைக்காலம் முழுவதற்கும் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் பதிவானது 4 மில்லிமீட்டருக்கும் குறைவு.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? ஜூனில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். நிலம் காய்ந்து கொதிக்க, வானின் மேலடுக்கில் இருக்கும் உயரழுத்தக் காற்று மண்டலம் வடக்கே நகரும். காற்று திசை மாறி, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோ பக்கத்திலிருந்தும் ஈரத்தைக் கொண்டுவரும். பிற்பகலில் மலைமேல் இடி மேகம் திரளும். மழைத்தாரை பல நேரம் தரையைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். அப்படிக் காயும்போது குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபுறமும் பாயும். தரிசு வயல்களின் மண்ணை அது அள்ளிக்கொண்டு வருவதுதான் 'ஹபூப்' என்னும் புழுதிச் சுவர். 2011 ஜூலை 5-இல் ஃபீனிக்ஸை மூடியது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரமும் சுமார் 160 கிலோமீட்டர் அகலமும் கொண்டது.

காரில் போகும்போது புழுதிச் சுவர் தெரிந்தால், அது வந்து சேருமுன் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறுங்கள். முடியாவிட்டால் சாலையோரம் எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள், எச்சரிக்கை விளக்கு உட்பட. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கை அணைப்பதா என்று பலர் தயங்குகிறார்கள். கண் தெரியாமல் பின்னால் வருபவர், முன்னால் தெரியும் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி அதையே பிடித்து வருவார். வந்து உங்கள் மேல் மோதுவார்.

மழை பெய்துவிட்டால் அடுத்த கவலை ஓடைகள். ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணலாகக் கிடப்பவை அவை. பாலை மண்ணுக்கடியில் பல இடங்களில் சுண்ணாம்பு இறுகிப் பாறைபோல் இருப்பதால் நீர் உள்ளே இறங்காது. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்க வைக்கும். தடுப்பு வைத்த ஓடைக்குள் வண்டியை விட்டுச் சிக்கினால், மீட்கும் செலவை ஓட்டுநரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது.

நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று வடக்கு அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப்புறத்தில். அத்தகைய குறுகிய பாறை இடுக்குகளுக்குப் போவதானால், நீங்கள் நிற்கும் ஊரின் வானிலையோடு, அந்த ஓடைக்கு நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து முன்னறிவிப்பையும் காலையிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.