மூன்று மாத நடையும் ஒரு சின்னக் கைப்பட்டையும்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, வழக்கம்போல் காலை நடையை முடித்த கையோடு பேசுகிறேன். பின்னால் கூவுவது அதே பக்கத்து வீட்டுச் சேவல்தான். நேற்றுத் திருமண விருந்தில் உறவினர் ஒருவர், "62 வயதில் நடந்து என்ன ஆகப்போகிறது, அக்கா? இறுகிய இரத்தக்குழாய் இறுகியதுதானே?" என்று கேட்டுவிட்டு, பாயசத்தை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. வயது ஏற ஏற, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனியின் சுவரில் இழுபட்டு மீளும் நார்கள் நைந்து, கொலாஜன் என்னும் விறைப்பான புரதம் கூடுகிறது. ஆனால், குழாயின் உட்புறத்தில் ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும் உயிரணுக்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இரத்தம் விரைந்து உரசி ஓடும்போது அவை நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டு, சுவர்த் தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கின்றன. இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்கே 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் இந்த வாயுவின் பலன் குறைந்துபோகிறது.

2000இல் வெளியான கொலராடோ ஆய்வொன்றில், உடற்பயிற்சி இல்லாதிருந்த நடுவயது, முதிய ஆண்கள் மூன்று மாதங்கள் பெரும்பாலும் நடந்தே பயிற்சி செய்ய, அவர்களது குழாய்கள் விரியும் திறன் இளைஞர்களுடையதை நெருங்கியது. சொல்ல மறந்துவிட்டேன்: நடந்தது கால்கள், அளந்ததோ முன்கையில்! நடக்கும்போது உடல் முழுவதும் ஓட்டம் கூடுவதால் கைக்கும் பங்கு கிடைக்கிறது. விடியுமுன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய என் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எனக்குப் பிடிக்காத செய்தியையும் மறைக்கப் போவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம், குழாய் நன்றாக விரியும் இந்தப் பலன் ஆண்களிடம் போல் உறுதியாகத் தென்படுவதில்லை; ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதே காரணம் என்று கருதுகிறார்கள். ஆண்களை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டிப் பெண்களுக்கு வாக்குறுதி தரும் காணொளிகள் எனக்கு அறவே ஆகாது. ஆயினும் நடை பெண்களுக்கும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அதனால்தான் போன காணொளியில் காட்டிய அழுத்தமானியை 129 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன்.

அந்தக் கருவியின் கதையைக் கேளுங்கள். முதல் நாள் அழுத்தத்தின் மேல் அளவு 158 காட்டியது, மறுநாள் 161. இரண்டு இரவு தூங்கவில்லை. பிறகுதான் மேல்கையில் சுற்றும் கைப்பட்டையில் அச்சிட்டிருந்த அளவைப் படித்தேன்: அதிகபட்சச் சுற்றளவு 32 சென்டிமீட்டர், என் மேல்கையோ 35. பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடித்தான் காட்டும். ஓ, முக்கியமானதை விட்டுவிட்டேன்: அந்த இரண்டு நாளும் நடந்து வந்தவுடன், உட்காரக்கூட இல்லாமல், பேசிக்கொண்டே அளந்தேன், அதுவும் தவறு. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்தே அளக்க வேண்டும்.

பெரிய பட்டை நேற்று வந்து சேர்ந்தது. இன்று காலை 137. இதை என் தொடக்க எண்ணாக எழுதிவைத்திருக்கிறேன், மூன்று மாதம் கழித்து இதே மேசையில் அளப்பேன். மாற்றித் தந்த கடைக்காரர் 12 ரிங்கிட் அஞ்சல் செலவை என் தலையில் கட்டினார். அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.