அரிசிப் பானைக்குள் ஒரு மாத்திரை அட்டை

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். வாய்ப்புற்றோடு படுத்திருந்த ஓர் அப்பத்தாவைப் பார்க்கப் போனேன். எழுதிக் கொடுத்திருந்த மார்ஃபின் மாத்திரை, அதாவது அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து, அட்டை பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் கிடந்தது. "போலீசு பிடிச்சுட்டா என்ன செய்யிறது டாக்டர்?" என்றார் மகன். அந்தப் பயத்தில் அப்பத்தா எட்டு நாள் கண்மூடவில்லை. அதனால்தான் மருத்துவன் நான் இன்று சட்டம் பேச வந்திருக்கிறேன்.

1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பாருங்கள். தயாரிக்காதே, விற்காதே, வாங்காதே, வைத்திருக்காதே என்று வரிசையாகத் தடுக்கிறது. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் என்றால் விதிப்படி உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. தடை பிறந்த அன்றே விலக்கும் பிறந்துவிட்டது.

ஆனாலும் மருந்து வந்து சேரவில்லை. மாநிலத்துக்கு ஒரு விதி. ஒரு பெட்டி மாத்திரைக்குப் பல லைசென்ஸ். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. கணக்கில் பிசகினால் சிறை என்றதும் டாக்டரும் கடைக்காரரும் "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்கினார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் கொடுத்துக் கசகசாச் செடி வளர்த்து, அபின் எடுத்து ஏற்றுமதியும் செய்த நாடு இது. அந்த நாட்டில்தான் நம் அப்பத்தா துடித்தார்.

2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலுக்கு வந்தன. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும். நோயாளி தனக்கு எழுதிக் கொடுத்த அளவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஒளிக்க வேண்டியதில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இந்த வகை வலி மருந்துகளைக் கண்டபடி எழுதிக் கொடுத்ததில் தொடங்கிய போதைப் பழக்கம் எத்தனையோ குடும்பங்களை அழித்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல், முதல்முறை எழுதும்போது 7 நாளுக்கு மேல் கூடாது என்றது. அங்கேயும் புற்றுநோய் வலிக்கு விலக்கு வைத்துத்தான் எழுதினார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர்களுக்கு ஒரு சொல். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். வலி வந்தபின் கொடுக்காமல் மணி பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே எழுதுங்கள். இது தெரியாமல்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள்.

அப்பத்தா அன்று இரவு தூங்கினார். காலையில் பேத்தியைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாராம். வீட்டில் மருந்துச் சீட்டு இருக்கிறவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். இங்கேயேதான் இருப்பேன்.