ஒரூரோவில் கார்னிவலுக்கு முந்தைய பத்து நாள்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்கக் கார்னிவல் என்றதும் பெரும்பாலோருக்கு ரியோ டி ஜெனிரோதான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது கடற்கரையே இல்லாத பொலிவியா நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடர்களுக்கு நடுவே உள்ள பீடபூமியில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரூரோ என்ற சுரங்க நகரத்தைப் பற்றி. கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய சனிக்கிழமைதான் அங்கே பெரிய ஊர்வலம். நான் அதற்குப் பத்து நாள் முன்னதாகவே, நாட்டின் அரசு இயங்கும் நகரான லா பாஸிலிருந்து பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பத்து நாள்களைப் பார்த்திராவிட்டால், ஊர்வலத்தை வெறும் ஆடல் பாடலாகவே நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

முன்பதிவு செய்திருந்த விடுதியில் கார்னிவல் நெருங்கிவிட்டது என்று சொல்லி மூன்று மடங்கு வாடகை கேட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றவனுக்கு, எதிர்வீட்டில் இருந்த ஒரு மூதாட்டி தன் வீட்டின் பின்னறையைக் கொடுத்தார். நான் அவரைச் செனோரா என்று அழைத்தேன். அவர் முதல் நாளிலிருந்தே என்னை மகனே என்றார். படியேறினாலே மூச்சு இரைத்த எனக்குக் கோக்கா இலை போட்ட வெந்நீரைக் கொடுத்து, மெதுவாக நட, மெதுவாகச் சாப்பிடு என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிப்ரவரி அங்கே கோடைக்காலம், மழைக்காலமும் அதுதான். ஆனாலும் இரவில் இரண்டு கம்பளி போர்த்தினால்தான் தூக்கம் வரும்.

காலையில் சந்தைக்குப் போனால் ஆப்பி கிடைக்கும். ஊதா நிற மக்காச்சோள மாவைப் பட்டையும் கிராம்பும் போட்டுக் கூழாகக் காய்ச்சிச் சூடாகத் தருவார்கள். தொட்டுக்கொள்ள, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து எண்ணெயில் பொரித்து எடுத்த, பூரியைப் போல உப்பிய பணியாரம். மதியத்துக்கு சார்க்கெகான்: லாமா என்ற ஒட்டக இன விலங்கின் உப்புக்கண்டத்தை நார் நாராகப் பிரித்து வறுத்து, அவித்த சோளம், உருளைக்கிழங்கு, முட்டை, பாலாடைக்கட்டியோடு வைப்பார்கள். குளிரும் சுரங்க வேலையும் உள்ள ஊருக்கு ஏற்ற சாப்பாடு அது.

சந்தையை விட்டு வெளியே வந்தால் தண்ணீர்ப் பலூன்கள். மாடியிலிருந்தும் சந்து முனையிலிருந்தும் சிறுவர்கள் குறிபார்த்து எறிவார்கள். நுரைக் குப்பியோடு துரத்துகிறவர்களும் உண்டு. இரண்டாம் நாள் தொப்பலாக நனைந்து வந்த என்னைப் பார்த்து, செனோரா ஒரு பிளாஸ்டிக் மழைச்சட்டையை எடுத்துக் கொடுத்தார். தெருவெங்கும் அந்த வாரம் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊர்வலப் பாதை நெடுகிலும் பார்வையாளர்கள் அமரும் படிவரிசைகளை அடித்துப் பூட்டும் சத்தம் விடிய விடியக் கேட்டது.

செனோராவின் மகன் வாடகை வேன் ஓட்டுகிறவர். தியாப்லாதா என்னும் சாத்தான் நடனத்தில் ஆடுகிறார். ஒரூரோவின் நடனங்களில் மிகவும் புகழ்பெற்றது அதுதான்: கொம்பு வைத்த சாத்தான்களின் படையை மிக்கேல் தேவதூதர் வாளோடு எதிர்கொண்டு அடக்குவதாக அமைந்த நடனம். அவருடைய முகமூடி பழுதுபார்க்கப் போயிருந்தது. அதை வாங்குவதற்காக அவரோடு நான் மூன்று முறை லா பாஸ் தெருவுக்குப் போனேன். லா பாஸ் நகரின் பெயரையே தாங்கிய அந்தத் தெருவில்தான் முகமூடி செய்கிறவர்களும் ஆடைக்குச் சரிகைவேலை செய்கிறவர்களும் வரிசையாகப் பட்டறை வைத்திருக்கிறார்கள். முன்பு துணியும் சாந்தும் கொண்டு வார்த்தார்கள். இப்போது தகரமும் கண்ணாடியிழையும் வந்துவிட்டன. எங்கள் பட்டறைக்காரர் மடியில் முகமூடியைக் கவிழ்த்து வைத்து, நெற்றியில் எழுந்து நிற்கும் பாம்பின் வாலைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். துருத்திய கண்கள் மின்விளக்குக் குமிழ்கள். பற்கள் முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டுகள். நான் குனிந்தபோது அந்தப் பற்கள் ஒவ்வொன்றிலும் என் முகம் தெரிந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல கனம். அந்த உயரத்தில், மூச்சு முட்டும் காற்றில், அதைத் தலையில் வைத்துக்கொண்டு சுமார் நான்கு கிலோமீட்டர் ஆடிக்கொண்டே போகிறார்கள்.

எதற்காக என்று கேட்டேன். தாயார் படுத்த படுக்கையாக இருந்தபோது சொகவோன் மாதாவுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். சொகவோன் என்றால் சுரங்கவழி. மூன்று ஆண்டுகள் ஆடுகிறேன் என்று மாதாவிடம் வாக்குக் கொடுப்பது அங்கே வழிவழியாக வரும் முறை. நம் வழக்கில் அதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர். அவருக்கு அது மூன்றாவது ஆண்டு.

மாதா கோயிலுக்குள்ளிருந்தே பழைய சுரங்கத்துக்குப் படிகள் இறங்குகின்றன. இப்போது அது அருங்காட்சியகம். கீழே, கொம்பும் துருத்திய கண்ணுமாகத் தீயோ உட்கார்ந்திருக்கிறார். தீயோ என்றால் மாமா. மண்ணுக்கடியில் உள்ள கனிமங்களுக்கெல்லாம் அவர்தான் உடைமையாளர் என்பது சுரங்கத் தொழிலாளர்களின் நம்பிக்கை. அவர் வாயில் சிகரெட்டைப் பற்றவைத்து, மடியில் கோக்கா இலை தூவி, தரையில் சாராயம் ஊற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். மேலே மாதா, கீழே தீயோ. ஸ்பானியர் ஆட்சியில், 17-ஆம் நூற்றாண்டில், ஊரு என்னும் பழங்குடியினரின் பழைய சடங்குகள் தடைசெய்யப்பட்டன. அவர்கள் அவற்றைக் கிறித்தவ விழாவின் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். தங்கள் தெய்வங்களைக் கைவிட மறுத்த எளிய மக்களின் அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். 2001-இல் யுனெஸ்கோ இந்தக் கார்னிவலை மானுடத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

கார்னிவலுக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை ஊரிலுள்ள பேண்டு வாத்தியக் குழுக்கள் அனைத்தும் ஒன்றுகூடின. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே மெட்டை ஊதியபோது காலடித் தரை அதிர்வதை உணர்ந்தேன். மறுநாள் ஞாயிறு, கடைசி ஒத்திகை ஊர்வலம். முகமூடியோ முழு வேடமோ இல்லாமல், சீருடை உடுத்து ஆடியபடியே கோயில்வரை போனார்கள். வாசலில் வாத்தியம் அடங்கியது. அதுவரை துள்ளி ஆடிய இளைஞர்கள், தொப்பியைக் கழற்றி, முழந்தாளிட்டுப் பீடம்வரை நகர்ந்தார்கள். வேன் ஓட்டுநரும் அப்படித்தான் போனார். திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, முகமூடி ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தது. செனோரா அதைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். ஒரு சிறு கிண்ணத்திலிருந்து சாராயத்தை விரலால் தொட்டு, முதலில் தரையில் தெளித்தார். பிறகு அதன் கொம்புகளில் தெளித்தார். மகன் அருகில் நின்றார். எனக்கும் கிண்ணத்தை நீட்டினார், நானும் தெளித்தேன். அடுத்த தெருவில் யாரோ டிரம்பெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கை அணைக்கப் போன செனோரா நின்று, முகமூடியின் நெற்றிப் பாம்பைத் தன் முந்தானை நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டு, மகனைப் பார்த்து, நேரத்தோடு படு என்றார்.